டோசருக்குப் போர்த்திய கம்பளி

‘தெரியாது’ என்று சொல்ல எனக்கு வாலிப வயதில் வாய் வந்ததே இல்லை. யாராவது வழி கேட்டால், நான் போகாத ஊருக்கும் வழி சொல்லுவேன். (அவர்கள் திரும்பி வந்து என்னைத் தேடியதாகத் தகவல் இல்லை. போய்ச் சேர்ந்தார்களா என்றும் தகவல் இல்லை.) அந்தப் புத்திதான் என்னை மண் தள்ளுகிற ஒரு டோசர் முன்னால் ஸ்பானரோடு நிறுத்தியது.

இது எழுபதுகளில் நடந்தது. எந்த வருஷம் என்று கேட்டால், சின்னக்கானலில் யானை வந்து ரேஷன் கடைச் சுவரை இடித்த வருஷம் என்றுதான் சொல்ல முடியும். அந்த யானை வந்தது அரிசிக்கா சர்க்கரைக்கா என்று ஊரே இரண்டு கட்சியாக நின்றது. அது இருக்கட்டும். எனக்கு ஊர் கோவிந்தாபுரம். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினதில்லை, எங்கள் பக்கம் மழையும் கொஞ்சம் குறைவு. டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த நான், சின்னக்கானல் மலையில் தேயிலை எஸ்டேட்டுக்கு ரோடு வெட்டிய காண்ட்ராக்டரிடம் டோசர் ஓட்டப் போனேன். ஓணத்துக்கு ஊருக்குப் போன மெக்கானிக் திரும்பி வரவில்லை. ரிப்பேர் வேலை தெரியுமா என்று ஓவர்சியர் கேட்டார். தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

அதே சமயத்தில் எனக்குப் பெண்ணும் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா அங்கேயே கங்காணி, கொழுந்து பறிக்கிற ஆட்களை மேய்க்கிறவர். பெரியம்மா வழியில் தூரத்துச் சொந்தம். முறைப்படி நாங்கள்தான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். கங்காணி முறையை மாற்றினார். மாப்பிள்ளைக்கு இங்கே வீடு இல்லை, வாசல் இல்லை. அவன் வேலை செய்கிற லட்சணத்தையாவது பார்த்துவிட்டுப் பெண்ணைக் கொடுக்கிறேன் என்று சொல்லியனுப்பினார். பெண்ணோடு குடும்பமாக ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும் சொல்லியனுப்பினார். கூடவே ஒரு கறுப்புக் கம்பளியும் வந்தது, எஸ்டேட்டில் பெண்கள் மழைக்குப் போட்டுக்கொண்டு கொழுந்து கிள்ளுவார்களே, அந்தக் கம்பளி. மாப்பிள்ளை குளிரில் நடுங்கக் கூடாதாம்.

நான் நடுங்கினால் பரவாயில்லை, டோசர் நடுங்கினால் ஸ்டார்ட் ஆகாது. அதனால் தினமும் ராத்திரி கம்பளியை எஞ்சினுக்குப் போர்த்தினேன். அது சூடாகும்வரை போர்வையை எடுக்க மாட்டேன். கைக்குழந்தையைக்கூட யாரும் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

வம்பு அடுத்த நாள் காலையிலேயே ஆரம்பித்தது. எஞ்சின் சூட்டைக் காட்டும் மீட்டர் ஒன்று உண்டு. எஞ்சின் பக்கவாட்டில் விரல் நுனி அளவுக்கு ஒரு பித்தளைத் திருகு. இன்றைக்கு அதை சென்சார் என்கிறார்கள், நாங்கள் பல்பு என்போம். சூட்டை மோப்பம் பிடிப்பது அதன் வேலை. அதிலிருந்து ஒரு வயர் மீட்டருக்கு வரும். நான் சாவியைத் திருப்பினேன், முள் ஒரே தாவில் சிவப்புக்கோட்டில் போய் நின்றது. எஞ்சின் இன்னும் இருமக்கூட இல்லை.

மூளை உள்ளவன் அங்கேயே யோசித்திருப்பான். நான் சாவியை அணைத்துவிட்டு, கம்பளியை எடுத்துப் புதர்மேல் காயப்போட்டு, ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினேன். திரும்ப மாட்டினதும் முள் ஒழுங்காக நின்றது. ஓவர்சியர் என் முதுகில் தட்டினார். மறுநாள் காலை பழையபடி சிவப்பு. தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். முள் இறங்கியது. அதற்கு மறுநாளும் சிவப்பு. தண்ணீர் பம்ப்பைப் பிரித்தேன். முள் இறங்கியது. தினமும் காலையில் அதற்கு வியாதி, மத்தியானத்துக்குள் என் கையால் குணம். பெரிய ஆளாகிவிட்டேன் என்று எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. ரோடு மட்டும் நீளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜீப்பில் வந்து இறங்கினார்கள். கங்காணி சலவை வேட்டியில் இருந்தார். அவருடைய வீட்டம்மா முக்காடு போட்டிருந்தார். பெண், பெயர் முத்துலட்சுமி, தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. நல்ல மூடுபனி. நான் ஜம்பமாக ஏறிச் சாவியைத் திருப்பினேன். முள் சிவப்புக்குத் தாவியது.

இறங்கி வந்து, எஞ்சின் பயங்கரச் சூடு, என்னைத் தவிர யாரும் கை வைக்க முடியாது என்றேன். குளிரில் பல் தட்டிக்கொண்டிருந்த கங்காணிக்கு ‘சூடு’ என்ற சொல் தேன் மாதிரி இருந்திருக்கும். குளிர்காய நேராகப் போய் இரண்டு உள்ளங்கையையும் ரேடியேட்டரில் வைத்தார்.

“எங்கிட்டு மாப்ள சூடு? பிரேதங் கெணக்கா சில்லுனு இருக்கு.”

அந்த இடத்திலாவது நான் வாயை மூடியிருக்கலாம்.

“அது உள்சூடுங்க மாமா. வெளிய தெரியாதுங்க.”

கங்காணி கையை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டார். “உள்சூட்டுக்கு எங்க வீட்ல வெந்தயத்த ஊறவச்சுக் குடுப்பாக. இதுக்கு என்ன குடுப்பீக?”

மூடியைத் திறந்து ஆவியை விட வேண்டும், கொதிக்கிற தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், எல்லோரும் தள்ளி நில்லுங்க என்றேன். சொன்னதோடு விட்டேனா, கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, ஓடுங்க என்று ஒரு சத்தமும் போட்டேன். ஓடினார்கள். வெட்டின மண், முந்தின நாள் மழை. கங்காணி சலவை வேட்டியோடு சரிவில் உட்கார்ந்தபடியே கீழே போய், ஒரு தேயிலைச் செடியைக் கட்டிப்பிடித்து நின்றார். நான் மூடியைத் திறந்தேன். ஆவி வரவில்லை. ஒரு குமிழிகூட வரவில்லை. எட்டிப் பார்த்தால் தண்ணீரில் என் முகம் தெரிந்தது.

புருஷனைத் தூக்கிவிடப் போன வீட்டம்மா பாதியில் நின்றுவிட்டார். டோசர் மேல் கிடந்ததை அப்போதுதான் கவனித்திருக்கிறார்.

“ஏத்தா முத்து, இது நம்ம குடுத்துவிட்ட கம்பளில்ல?”

அவர் நேராக வந்து, ராத்திரிப் பனியில் ஊறிப் பிணம்போலக் கனத்த கம்பளியை ஒரே இழுப்பாக இழுத்து எடுத்தார். சாவியை நான் அணைக்க மறந்திருந்தேன். திரும்பி வந்து மீட்டர் பக்கம் நின்ற முத்துலட்சுமிதான் சொன்னது.

“அம்மா, முள்ளு இறங்கிருச்சு.”

எனக்கு உள்ளே குளிர்ந்துபோனது. குனிந்து பார்த்தேன். பல்பிலிருந்து வரும் வயர் ஓரிடத்தில் உராய்ந்து, தோல் போய், செம்புக்கம்பி தெரிந்தது. ஈரக் கம்பளி தொங்கி அந்த இடத்தை எஞ்சின் இரும்போடு சேர்த்து அழுத்தினால் முள் ஏறும். கம்பளியை எடுத்தால் இறங்கும். நான் பிரித்ததும் கழுவினதும் எல்லாம் அந்த எஞ்சினுக்குச் சும்மா செய்த பணிவிடை. சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டி வயரில் சுற்றினேன். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. டோசர் கிளம்பியது. ஜீப்பும் கிளம்பியது. கம்பளியையும் கொண்டுபோய்விட்டார்கள்.

சம்பந்தம் போய்விட்டது என்று நான் பெட்டியைக் கட்டினேன். கட்டினது கட்டினபடி இருக்க, பெரியம்மா வந்தார். அந்த வீட்டில் நடந்த பஞ்சாயத்தை அவர்தான் சொன்னார். இவனுக்கு ஒரு எழவும் தெரியாது என்று கங்காணி குதித்தாராம். முத்துலட்சுமி அடுப்படியிலிருந்தே, “தெரியலேன்னாலும் சும்மா உக்காரலல்லப்பா, என்னத்தையாச்சும் கழட்டிக்கிட்டுத்தான இருந்தாரு” என்றதாம். கங்காணி இறங்கி வந்தார். ஒரே ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டுச் சாமான் எதிலும் மாப்பிள்ளை ஸ்பானர் வைக்கக் கூடாது.

மாமனார் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது. நிபந்தனை மட்டும் போகவில்லை. போன மாசம் வீட்டில் பிரிட்ஜ் நின்றுவிட்டது. வைத்த பாலெல்லாம் திரிந்துபோனது. எனக்குக் கை துறுதுறுத்தது. ஸ்பானரோடு அதன் பின்பக்கம் போய் உட்கார்ந்தேன். முத்துலட்சுமி வந்து கதவைத் திறந்து, உள்ளே கையை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுவென்றுதான் இருந்திருக்கும்.

“அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு, எந்திரிங்க” என்றாள். “உள்குளிரு. வெளிய தெரியாது.”