ஒரு பிழையும் இல்லாத பதிவுப் பெட்டி

அன்பு மைத்துனனுக்கு அத்தான் எழுதுவது.

இங்கு நானும் உன் அக்காவும் உடலளவில் நலம். அங்கு நீயும் உன் வீட்டாரும் எல்லா அளவிலும் நலமாக இருக்க வேண்டும். மனதளவில் என் நலம் எப்படி என்பதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். பொறுமையாகப் படித்துவிட்டு, கடைசியில் நான் கேட்கும் ஒரே ஒரு உதவியை மட்டும் தாமதிக்காமல் செய்துவிடு.

நேற்று முன்தினம் வியாழக்கிழமை, பகல் பதினோரு மணிக்கு, உன் அக்கா தொலைக்காட்சியில் வந்தது உனக்குத் தெரியும். தையல் மெஷின் பழுது பற்றி நேயர்கள் போனில் கேட்கக் கேட்க அவள் பதில் சொல்ல வேண்டும், அரை மணி நேரம், நேரடி ஒளிபரப்பு. நேரடி என்றால் அவள் அங்கே நிலையத்தில் அல்லவா இருப்பாள், தன்னைத் தானே எப்படிப் பார்ப்பாள்? அதனால் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "கல்யாணமானதுலேருந்து உங்ககிட்ட நான் எதுவுமே கேட்டதில்ல. இத மட்டும் பதிவு பண்ணி வச்சிருங்க. நான் பேசறது எப்படி இருக்குன்னு ஒரே ஒரு தடவ பாக்கணும்" என்றாள். முப்பத்திரண்டு வருடத்தில் அவள் எதுவும் கேட்டதில்லை என்பது உண்மைதான், எல்லாவற்றையும் தானே செய்துகொள்கிறவள். "பதிவு பண்ற பெட்டிய வேணா நானே பாத்து வாங்கிடறேனே" என்றும் சொன்னாள். நான்தான் வீறாப்பாக, "நீ பேசறத பாரு, பெட்டி என் பொறுப்பு" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

டிவியின் பின்னால் ஒரு பென் டிரைவைச் செருகினால் போதும், தனிப் பெட்டியே வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாய். கோபித்துக்கொள்ளாதே. அதற்கு வந்த விளக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மடித்த ஒரே ஒரு காகிதம். அச்சகத்தில் முப்பது வருடம் மெய்ப்புத் திருத்தியவன், ஒரு துண்டுக் காகிதத்தை நம்பி உன் அக்காவை ஒப்படைப்பேனா? நேராகக் கடைக்குப் போனேன். மூன்று பெட்டிகளைக் காட்டினார்கள். விற்கிற பெண், இது இத்தனை மணி நேரம் பிடிக்கும், இது குறுந்தட்டில் எழுதும், இது உள்ளேயே வைத்துக்கொள்ளும் என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள். "அதெல்லாம் இருக்கட்டும்மா, மூணோட புத்தகத்தையும் குடு" என்றேன். "சார், புத்தகத்தையெல்லாம் யாரும் படிக்கறதில்ல சார்" என்றாள். "அதனாலதான் எல்லார் வீட்லயும் எல்லாம் ரிப்பேரா கெடக்கு" என்று சொல்லி, ஃபிரிட்ஜ் வரிசைக்கு நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். முதல் புத்தகத்தில் பதினான்காம் பக்கத்துக்கு அடுத்து பதினேழாம் பக்கம். இரண்டாவதில் ரிமோட் படம் தலைகீழாக இருந்தது, அதற்குக் கீழே துணி துவைக்கும் மெஷினைப் பற்றிய குறிப்பு. மூன்றாவது தொண்ணூற்றாறு பக்கம், சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு பிழை கிடையாது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "இதையே கட்டும்மா" என்றேன். "படம் தெளிவா விழுதான்னு பாக்க வேணாமா சார்?" என்றாள் அந்தப் பெண். "புத்தகத்துல இவ்வளவு கவனமா இருக்கறவன் பெட்டியில கோட்டை விடுவானாம்மா?" என்று கேட்டேன். அவள் பில் போடப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தை இரண்டு முறை படித்து முடித்து, புதன்கிழமை காலை, நாள், நேரம், சேனல் எல்லாம் கொடுத்தேன். கடைசியில் திரையில் ஏதோ ஒரு கேள்வி வந்தது. ஏற்கனவே என்னவோ இருக்கிறது, அதுவே இருக்கட்டுமா என்கிற மாதிரி. தொண்ணூற்றாறு பக்கத்தில் எங்கேயும் அந்தக் கேள்வி இல்லை. புத்தகத்தில் இல்லாத கேள்வியை நான் எதற்கு மதிக்க வேண்டும்? 'சரி' என்று அழுத்திவிட்டேன். வியாழன் பதினோரு மணிக்கு டாண் என்று சிவப்பு விளக்கு எரிந்தது. பதிவு முடியும்வரை விளக்கு அணையாமல் இருப்பதை உறுதி செய்துகொள்ளவும் என்று நாற்பத்தோராம் பக்கத்தில் போட்டிருக்கிறது. உறுதி செய்துகொண்டேன், அரை மணி நேரமும், கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு, தரையில் உட்கார்ந்து. டிவி அணைந்திருந்தாலும் பதிவாகும் என்று நாற்பத்திரண்டாம் பக்கம். எதற்கு வம்பு, கவனம் சிதறும் என்று டிவியை அணைத்தே வைத்திருந்தேன்.

முடிந்ததும் போட்டுப் பார்க்கிறேன், வேறு சேனலில் ஓடும் மெகா சீரியல்! ஒரு பெண் மாடிப்படியில் உட்கார்ந்து அரை மணி நேரமும் அழுகிறாள், ஒரு படி இறங்கவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதிவும் இல்லை, நானும் பார்க்கவில்லை. உன் அக்கா டிவியில் வந்ததை ஊரே பார்த்திருக்கிறது, கட்டிய புருஷன் ஒரு விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இதை நான் எந்த வாயால் சொல்வேன்?

மூன்று மணிக்கு அவள், முகத்தில் பூசிய பவுடர் வெயிலில் திட்டுத் திட்டாகக் கலைந்திருக்க வந்து, செருப்பைக் கழற்றும்போதே, "எப்படி இருந்தேன்?" என்றாள். எனக்கு வாயில் வந்தது ஒன்றுதான். "ஒரு பிழையும் இல்ல" என்றேன். அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நெசமாவா?" என்றாள். நான் சுவரைப் பார்த்துத் தலையாட்டினேன். "போடுங்க, பாப்போம்" என்றாள். "இப்ப முடியாது. பதிவு சூடா இருக்கு, ஒரு வாரம் ஆறணுமாம், புத்தகத்துல போட்டிருக்கு" என்றேன். மெஷினையே பிரித்து மேய்கிறவள் இதை எப்படி நம்பினாளோ தெரியவில்லை, சரி என்று எழுந்து முகம் கழுவப் போய்விட்டாள். அவள் நம்பியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீ உன் பென் டிரைவில் பிடித்திருப்பாய். அதை உடனே அச்சக மேனேஜர் விலாசத்துக்கு, என் பெயர் போட்டு அனுப்பு. வீட்டு விலாசம் எழுதித் தொலைக்காதே. இன்னொன்று, இந்தப் பெட்டியைக் கனவிலும் வாங்காதே. புத்தகம் மட்டும் வேண்டுமானால் அனுப்புகிறேன்.

உன் மனைவிக்கு என் அன்பு. பெரியவன் பரீட்சையில் தேறவும், சின்னவள் இருமல் நிற்கவும் என் ஆசிகள்.

கலங்கிய நெஞ்சுடன்,
அத்தான்

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா எழுதுவது. தபால் பெட்டி என் மெஷின் ரிப்பேர் கடை வாசலில் இருக்கிறதாம், ஒட்டிப் போட்டுவிடு என்று உன் அத்தான் கடிதத்தை என்னிடமே கொடுத்தார். படித்துவிட்டேன். அந்தப் பெட்டிக்கு ஒரு கோளாறும் இல்லை, நீயும் ஒன்று வாங்கிக்கொள். வாங்கி வந்த அன்றே புத்தகத்தைத் தொடாமல் ஐந்து நிமிடத்தில் பழகிக்கொண்டு, என் சீரியலைத் தினமும் பதினோரு மணிக்குப் பிடிக்கச் சொல்லிவைத்தது நான்தான். வியாழக்கிழமை மட்டும் எடுத்துவிட வேண்டும் என்று இருந்தேன், பயத்தில் மறந்துவிட்டேன். அங்கே நடந்ததை நீ பார்த்திருப்பாய். இரண்டாவது ஆள் கேட்ட கேள்விக்கு, செய்தே காட்டுகிறேன் என்று ஊசியைத் திருப்பி மாட்டி, அத்தனை பேர் முன்னால் மெஷினை நிறுத்திவிட்டேன். வீடு வரும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். இந்த மனுஷன், என் வளைகாப்பு அழைப்பிதழிலேயே நாலு பிழை கண்டுபிடித்தவர், ஒரு பிழையும் இல்லை என்கிறார். பார்க்காமல் சொன்னது என்று இப்போது தெரிகிறது. தெரிந்த பிறகும் நன்றாகத்தான் இருக்கிறது. நீ பிடித்து வைத்திருந்தால் அழித்துவிடு. ஒரு வாரம் ஆனதும், "நீங்க சொன்னதே போதுங்க, நான் பாக்க வேணாம்" என்று சொல்லிவிடப் போகிறேன்.