பல் என்று சொல்லிவிட்டேன்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்தச் சொல்லை இடுப்புக்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டும் எடுத்துக்கொள். நீயும் அத்தானும் பிள்ளைகளும் முழு உடம்போடும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நின்றுகொண்டு எழுதுகிறேன். ஃபிரிட்ஜின் தலைமேல் தாள். போனில் சொல்லியிருக்கலாம். நீ ஸ்பீக்கரில் போடுவாய், அத்தான் சிரிப்பார். படித்ததும் கிழித்துவிடு. முக்கியமாக அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

ஆசனவாயில் வெடிப்பு. ஆறு மாதம் மறைத்தேன். போன வாரம் திங்கட்கிழமை அறுவை சிகிச்சை முடிந்தது. டாக்டர் ஒரு தாளில் என் எதிர்காலத்தை எழுதிக் கொடுத்தார். தண்ணீர் மூன்று லிட்டர். கீரை, பப்பாளி, ஓட்ஸ் கஞ்சி. படுக்கும் முன், மலம் இளக, இசப்கோல். போய் வந்த ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் உட்கார வேண்டும். காரம் கூடாது. முக்கக் கூடாது. கழிப்பறைக்குள் புத்தகம் கூடாது.

கடைசி வரியில்தான் கண் கலங்கியது. என் முதுகலைப் படிப்பில் பாதி அங்கே நடந்தது.

இரண்டு நாள் எதுவும் நடக்கவில்லை. பயம். தின்பதற்கே பயந்தேன். தின்னாவிட்டால் இறுகும் என்று இன்னொரு பயம். மூன்றாம் நாள் காலை, இரண்டாவது தம்ளர் வெந்நீரில், நடந்தது. வலி இருந்தது, ஆனால் பழைய வலி இல்லை. வெந்நீர் பேசினில் உட்கார்ந்து பாடினேன். அன்று கடவுளை நம்பினேன். மாலையில் மறுபடி சந்தேகம் வந்துவிட்டது.

இனிமேல்தான் விஷயம். நான் கட்டிக்கொள்ள நினைக்கும் பெண்ணின் அப்பா, தச்சர், ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார் அல்லவா? அவர் சரி என்றால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை. சனிக்கிழமை போன் செய்து, "என்னமோ ஆபரேஷன்னு கேள்விப்பட்டேனே தம்பி?" என்றார். நாக்கில் முதலில் வந்த உறுப்பைச் சொன்னேன். பல். யோசித்துப் பார்த்தால் பொருத்தமான பொய்தான். கஞ்சிக்கும் பப்பாளிக்கும் காரணம் கேட்க மாட்டார். உட்காருவதைத்தான் நான் யோசிக்கவில்லை.

அவர் மகளோடு வந்தார், கையில் ஒரு நாற்காலியோடு. எனக்காகவே செய்தாராம், நான் எழுதுகிறவன் என்பதால். தேக்கு. நிமிர்ந்த முதுகு. பலகை இருக்கை, ஒரு விரல் கனத்துக்குக்கூட மெத்தை கிடையாது. எவ்வளவு அழகு, அக்கா. பார்க்கவே வலித்தது. ஆள் உட்கார்ந்து பார்க்காமல் அவர் எந்த நாற்காலியையும் ஒப்படைப்பதில்லை, கால் உயரத்தை இழைத்துச் சரிசெய்வாராம், அது அவர் தொழில் வழக்கம், இழைப்புளியைப் பையிலேயே கொண்டுவந்திருக்கிறார், "ஒக்காருங்க தம்பி" என்கிறார், "முதல்ல நீங்க ஒக்காருங்க" என்கிறேன், "நாற்காலி உங்களுது" என்கிறார், "பெரியவங்க முன்னாடி எப்படி" என்கிறேன், "அடடா, என்ன மரியாதை" என்று அவர் பூரிக்க, மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரிக்கிறாள், கடைசியில் அவரே என் இரு தோளையும் அன்பாகப் பிடித்து அழுத்தினார்.

உட்கார்ந்தேன்.

அந்தச் சத்தம் என்னுடையதுதானா என்று இன்னும் தெரியவில்லை. எழுந்து சுவரோரம் நின்றேன். தச்சர் என்னை மேலிருந்து கீழ் ஒருமுறை அளந்தார்.

"தம்பி, பல்லு வலிச்சா கன்னத்தைல்ல பிடிப்பாங்க? நீங்க எங்கயோ பிடிச்சிருக்கீங்க."

முடிந்தது என்று நினைத்தேன். பொய் சொன்னவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? உண்மையைச் சொன்னேன், சுவரைப் பார்த்தபடி.

"எனக்குத் தெரியும்ப்பா," என்றாள் மகள். "பல்லு பிடுங்கினவரு எதுக்கு ஒரு வாரமா நின்னுக்கிட்டே வீடியோ கால் பேசுறாரு?"

தச்சர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அட, எனக்கும் இருந்துச்சு! முப்பது வயசுல. ஒரு மாசம் நின்னுக்கிட்டே சாப்பிட்டேன். எதிர்ல ஆள் வந்தா பரிமாறப் போறேன்னு சொல்லிச் சமாளிச்சேன். முதலாளிகிட்ட முதுகுன்னு சொன்னேன். நீங்களாவது கொஞ்சம் தள்ளிப் போயிருக்கீங்க!"

பிறகு இழைப்புளியைப் பையிலேயே விட்டுவிட்டு உளி எடுத்தார். ஒரு மணி நேரம். இருக்கையின் நடுவே வழுவழுவென்று ஒரு பள்ளம் இறங்கியது. மரச்சுருள்கள் என் காலடிவரை வந்தன. மகள் பப்பாளி நறுக்கினாள். மூவரும் தின்றோம், இருவர் உட்கார்ந்து.

"வெந்நீரை மட்டும் விட்டுறாதீங்க. அவசரப்பட்டு முக்காதீங்க," என்றார் வாசலில். செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். "இன்னும் ரெண்டு வாரம் போகட்டும். அப்புறம் வந்து ஒக்காந்து பாருங்க, மாப்ள."

மாப்ள. அக்கா, அதைக் கேட்டதும் நான் மறந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இந்தமுறை சத்தம் குறைவு.

அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். எல்லோரும் நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

நிற்கும் உன் தம்பி

பி.கு.: கிழிக்க வேண்டாம். அம்மாவிடம் நீயே படித்துக் காட்டிவிடு, சீக்கிரம். மாமனார் தன் பட்டறை வாசலில் அதே மாதிரி இன்னொரு நாற்காலியைச் செய்து வைத்திருக்கிறார். யார் கேட்டாலும் முழுக் கதையையும், என் பெயரோடு, சத்தத்தோடு, நடித்துக் காட்டுகிறாராம். இன்றுவரை பதினோரு பேர் முன்பணம் கொடுத்திருக்கிறார்கள். எல்லோரும் முதுகுவலி என்றுதான் சொன்னார்களாம்.