நெட்டையருக்குக் கொடுத்த நீலச் சட்டை

பிரியத்திற்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மச்சான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் பட்டறையில் இருக்கும் பதினோரு பேரும் சுகம். அங்கே நீங்களும் என் தங்கையும் சுகமாகத்தான் இருப்பீர்கள். இல்லையென்றால் அவள் இதற்குள் மூன்று முறை போன் செய்திருப்பாள். மாப்பிள்ளையைக் குறை சொல்லி எழுதுவது நம் குடும்பத்தில் வழக்கமில்லை. ஆகவே இதைக் குறை என்று நினைக்காமல், நடந்ததை நடந்தபடி சொல்லும் தகவல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். குறை இருக்கிற இடத்தில் அது தானாகவே தெரியும்.

பல் வைத்தியர்களுக்கு நாற்காலி செய்து கொடுக்கிற நம் பட்டறையிலிருந்து போன வருஷம் வெளிநாட்டுக்கு நாற்பது நாற்காலி போனது உங்களுக்குத் தெரியும். போன நாற்காலி பழுதானால் பார்க்க அங்கே ஓர் ஆள் வேண்டுமே என்று நான் கவலைப்பட்டபோது, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நீங்கள் சொன்னது என் காதிலேயே நிற்கிறது. "இதுக்குப் போயி யோசிக்கிறீங்களே மச்சான். அங்கயே ஒருத்தரைப் பிடிங்க. காண்டிராக்ட்னு ஒரு தாள்ல எழுதிக்குங்க. மாசாமாசம் பணத்தை அனுப்புங்க. தலைவலி இல்ல." தலைவலி இல்லை என்பது உண்மைதான் மாப்பிள்ளை. தலையைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் வலி வந்தது.

அப்படிப் பிடித்த ஆளை நாங்கள் நெட்டையர் என்று சொல்வோம். வாசற்படியில் குனிந்து வருகிற உயரம், அதற்கேற்ற பொறுமை, ஸ்பேனரைப் பூவைப் போலப் பிடிக்கிற கை. 'இவர் சுயமாகத் தொழில் செய்பவர், எங்கள் வேலையாள் அல்லர்' என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அதன் பிறகு அவர் நம் மனுஷர் ஆகிவிட்டாரே என்ற பிரியத்தில் நம் கம்பெனிப் பெயரைப் பையில் தைத்து இரண்டு நீலச் சட்டை அனுப்பினேன். கருவிப்பெட்டி அனுப்பினேன். காலை எட்டு மணிக்கு வேலை தொடங்க வேண்டும், ஐந்துக்கு முடிக்க வேண்டும், எங்காவது போவதானால் எனக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று தகப்பன் போலக் கண்டிப்பும் காட்டினேன். அவரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் எல்லாவற்றையும் கேட்டார். இந்தப் பிரியம் ஒவ்வொன்றும் பின்னால் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை.

எட்டாவது மாதம் நெட்டையர் ஒரு கிளினிக் மாடிப்படியில் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது வழுக்கிக் கால் எலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் பெயர் பதிகிற பெண் "உங்க முதலாளி யாரு?" என்று கேட்க, மனுஷர் வலியில் பேச முடியாமல் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். அந்தப் பெண் அதைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டாள். பத்தாம் நாள் அந்த நாட்டுத் தொழிலாளர் அலுவலகத்திலிருந்து நான்கு பக்கக் கடிதம் வந்தது. முதல் பக்கத்தில் வணக்கம்கூட இல்லை.

என் மனைவிதான் விசாரித்து, வெளியூர்க் கம்பெனிகளுக்கு அங்கே சம்பளச் சீட்டுப் போட்டுக் கொடுக்கிற ஓர் அம்மாளைக் கண்டுபிடித்தாள். திரையில் கண்ணாடியோடு வந்த அந்த அம்மாள், நாங்கள் பேசிய அரைகுறை ஆங்கிலத்தைப் பொறுத்துக்கொண்டு கேள்வி கேட்டார். இனி அந்த நாட்டு ஆட்கள் பேசியதையெல்லாம் நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"வேலை நேரத்தை முடிவு பண்ணது யாரு?"

"நான்தாம்மா."

"கருவியெல்லாம் அவரோடதா?"

"இல்ல, நாங்க வாங்கிக் குடுத்தது. நல்ல சாமான்."

"அவர் வேற கம்பெனிக்கும் வேலை செய்யலாமா?"

"செஞ்சா காலை ஒடிச்சிருவேன்னு சொல்லியிருக்கேன்."

அந்த அம்மாள் பேனாவை நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அவருக்கு இப்ப கால்தானே ஒடிஞ்சிருக்கு?" என்றார். விளையாட்டுக்குச் சொன்னது என்று நான் விளக்க விளக்க, அவர் எழுதிக்கொண்டே போனார். என் மனைவி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். அதுவும் ஒடிந்திருந்தால் எந்த நாட்டுச் சட்டத்தில் சேரும் என்று தெரியவில்லை.

அந்த அம்மாள் தீர்ப்புச் சொல்வது போலச் சொன்னார். தாளில் என்ன எழுதினோம் என்பது கணக்கில்லை, எப்படி நடத்தினோம் என்பதுதான் கணக்கு. நடத்தியதைப் பார்த்தால் நெட்டையர் முதல் நாளிலிருந்தே நம் வேலையாள். ஆகையால் அங்கே முதலாளி என்று பதிவு செய்து நம்பர் வாங்க வேண்டும், வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும், ஓய்வூதியத்துக்கு அவர் பங்கும் நம் பங்கும், காப்பீடு, சம்பளத்தோடு விடுப்பு, இதெல்லாம் எட்டு மாதத்துக்கும் பின்தேதியிட்டு. நான் அவருக்குக் 'கையில் இவ்வளவு' என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அந்தக் கையில் போகிற பணத்துக்கு மேலே ஒரு கை, அதற்கு மேலே ஒரு கை என்று எத்தனை கை இருக்கிறதென்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த அம்மாள் போட்டுக் காட்டிய மாதிரிச் சம்பளச் சீட்டில் பதினேழு வரி. பதினேழாவது வரியில்தான் நெட்டையர் வருகிறார்.

அப்போதுதான் உங்களுக்குப் போன் செய்தேன். "இவரை நிறுத்திரலாம்னு பாக்கிறேன் மாப்பிள்ளை" என்றேன். நீங்கள் "ம்" என்றீர்கள். மாப்பிள்ளை சொன்ன 'ம்'மை மீறுகிற பழக்கம் எனக்கு இல்லை. நீங்கள் அப்போது பல் துலக்கிக்கொண்டிருந்தீர்கள் என்று தங்கை ஒரு வாரம் கழித்துச் சொன்னாள். அதற்குள் நான் நெட்டையரைக் கூப்பிட்டுவிட்டேன்.

தொண்டையைச் செருமி, நலம் விசாரித்து, நாட்டு நிலவரம் பேசி, கடைசியில் ஒரு வழியாக விஷயத்தைச் சொன்னேன். நெட்டையர், "சார், வருத்தமாத்தான் இருக்கு. ஆனா இப்ப நிறுத்த முடியாது" என்றார்.

"ஏன்?"

"நான் உடம்பு சரியில்லாத லீவுல இருக்கேன். கட்டு பிரிக்கிற வரைக்கும் நிறுத்தக் கூடாது. அப்புறம், போன்ல சொன்னா செல்லாது. தாள்ல எழுதி, காரணம் சொல்லி, என் கையில தரணும்."

"எப்படி எழுதணும்னு எனக்குத் தெரியாதே."

"நானே மாதிரி ஒண்ணு அனுப்பறேன் சார்."

அனுப்பினார் மாப்பிள்ளை. தன்னை வேலையை விட்டு அனுப்புகிற கடிதத்தைத் தானே எழுதி, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளியும் வைத்து அனுப்பினார். காரணம், மிச்சமிருக்கிற விடுப்பு நாள் என்ற இரண்டு இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார். விடுப்புக்கு ஒன்பது என்று போட்டுவிட்டு, காரணத்தை நிரப்ப உட்கார்ந்தேன். பிற்பகல் முழுக்க உட்கார்ந்தேன். அவர் செய்த தப்பு என்று ஒன்றும் அகப்படவில்லை. 'கம்பெனிக்குக் கட்டுப்படியாகவில்லை' என்று எழுதினேன். என் மனைவி அதைத் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டு, "ஒரு மனுசனை வேலையை விட்டு எடுக்கிறதுன்னா மூஞ்சியைப் பாத்துச் சொல்லிட்டு வாங்க. தபால்ல போடற விஷயமா இது?" என்றாள். ஆகவே சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்குக் கொடுக்கிற அனுமதியை வாங்கிக்கொண்டு, கட்டுப் பிரிப்பதற்கு இரண்டு நாள் முன்னதாகப் போய் இறங்கினேன்.

நெட்டையர் வீடு மூன்றாவது மாடியில் இரண்டே அறை. அவர் மனைவி பஸ் ஓட்டுகிறவர். அப்போதுதான் வேலை முடிந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தார். இருந்த ஒரே மெத்தை நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டுத் தான் ஸ்டூலில் உட்கார்ந்தார். கோட்டுப் பையில் இருந்த கடிதம் அப்போதே கனத்தது. எடுக்கலாம் என்று கை போகும்போது போன் அடித்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு பல் வைத்தியர் அம்மாளின் கிளினிக்கில் நம் நாற்காலி மேலே ஏறியபடி நின்றுவிட்டது. அதில் ஒரு வயதான சங்கீத டீச்சர் தலை கீழே, கால் மேலே என்று கிடக்கிறார். இடுப்பு வலிக்காரர், தானாக இறங்க முடியாது. தூக்கி இறக்கவும் பயமாயிருக்கிறது.

நெட்டையர் ஊன்றுகோலைப் பிடிக்க, நான் அவரைப் பிடிக்க, இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தோம். நான் குனிந்து நாற்காலியின் அடித்தட்டைத் தொடப் போனேன். நெட்டையர் ஊன்றுகோலை என் கைக்குக் குறுக்கே நீட்டினார்.

"தொடாதீங்க சார். நீங்க வந்திருக்கிறது சுத்திப் பாக்க. வேலை செய்ய அனுமதி இல்ல."

"ஐயா, இது நான் செஞ்ச நாற்காலி."

"நாற்காலி உங்களுது. பழுது பாக்கிறது வேலை."

"அப்ப நீங்க பாருங்க."

"நான் லீவுல இருக்கேன். ஒரு திருகாணியைத் திருப்பினாலும் லீவு போச்சு, காப்பீட்டுப் பணமும் போச்சு."

உலகத்தில் அந்த நாற்காலியைப் பற்றி எங்கள் இருவரையும் விட அதிகம் தெரிந்தவர் கிடையாது. நாங்கள் இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றோம். சங்கீத டீச்சர் மரத்துப்போன வாயால் ஏதோ சொன்னார். ராகம் மட்டும் புரிந்தது. தலைகீழாகக் கிடந்த அவர் முகம் சிவந்துகொண்டே போனது. தொட்டுவிடுவோம், வருவது வரட்டும் என்று நான் மறுபடி குனிந்தபோது, நெட்டையர் சுவரில் சாய்ந்துகொண்டு, பல் வைத்தியர் அம்மாளுக்கும் புரிகிற ஆங்கிலத்தில், என்னிடம் ஊர்க்கதை பேசுகிறவர் போல ஆரம்பித்தார்.

"சார், சும்மா பேசிட்டிருக்கோம். போன மாசம் இதே மாதிரி ஒரு நாற்காலி நின்னுச்சுல்ல?"

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. "ஆமா, நின்னுச்சு. என்ன செஞ்சாங்க?"

"பின்னாடி இடது பக்கம் ஒரு கறுப்பு மூடி. அதைக் கழட்டினாங்க."

பல் வைத்தியர் அம்மாள் மண்டியிட்டு மூடியைக் கழற்றினார்.

"உள்ள ரெண்டு திருகு இருக்குமே" என்றேன் நான், ஜன்னலைப் பார்த்தபடி.

"பெரிசைத் தொடலையாம். சின்னதைக் கால் சுத்து, மெதுவா, இடது பக்கமா."

வருத்தத்தோடு பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். நாற்காலி மெல்ல இறங்கி, டீச்சர் நேராக உட்கார்ந்தார். அவர் எங்கள் இருவரையும் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். நன்றி சொன்னார் என்று நெட்டையர் மொழிபெயர்த்தார். நன்றிக்கு அவ்வளவு நீளம் வேண்டியதில்லை என்றுதான் எனக்குப் பட்டது.

வீட்டுக்குத் திரும்பியதும் நெட்டையரே கேட்டார். "சார், லெட்டர் கொண்டு வந்திருப்பீங்களே. இன்னிக்குக் குடுக்க முடியாது, படிச்சு மட்டும் பாக்கிறேன்." கொடுத்தேன். அவர் மனைவி ஜன்னலோரம் போய் நின்றுகொண்டு தொப்பியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே துடைத்தார். நெட்டையர் இரண்டு தரம் படித்துவிட்டு, "எனக்கு மிச்சமிருக்கிற லீவு பதினொரு நாள். நீங்க ஒன்பதுன்னு போட்டிருக்கீங்க. இப்படிக் குடுத்தா செல்லாது சார். திருத்தி எடுத்துட்டு வாங்க" என்று மடித்து நீட்டினார். அதைச் சொல்லும்போது குரல் ஒரே சீராக இருந்தது.

வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். அந்த இரண்டு நாளைத் திருத்த எனக்கு இன்றுவரை நேரம் கிடைக்கவில்லை. ஊர் திரும்பியதும் சம்பளச் சீட்டு அம்மாளிடம் சொல்லி முதலாளியாகப் பதிவு செய்துகொண்டேன். பாக்கியெல்லாம் தவணையில் போகிறது. நெட்டையர் இப்போது முறைப்படி நம் வேலையாள். கால் கூடிவிட்டது, நேற்றுக்கூட மூன்று நாற்காலி பார்த்திருக்கிறார்.

இதோடு முடிந்தது என்று நினைத்தால் இல்லை. சம்பளச் சீட்டு, விடுப்பு என்று நான் போனில் கத்தியதையெல்லாம் பட்டறையில் கேட்டிருக்கிறார்கள். ஃபோர்மேன் வந்து மேஜை முன்னால் நின்றார். "என்னப்பா, உங்களுக்கும் அந்த ஊர்ச் சட்டம் வேணுமா?" என்றேன் கொஞ்சம் குத்தலாக.

"அதெல்லாம் வேணாங்க. நம்ம ஊர்ச் சட்டமே போதும். அதை எப்பவாச்சும் பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை மாப்பிள்ளை. பத்தொன்பது வருஷமாக இந்தப் பதினோரு பேரில் ஒருவருக்கும் வேலைக்குச் சேர்த்த கடிதம் என்று ஒரு துண்டுத் தாள் நான் கொடுத்ததில்லை. என் மனைவி இப்போது உட்கார்ந்து பதினொன்றையும் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறாள். ஃபோர்மேன் தன்னுடையதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்து, பொத்தானும் போட்டுக்கொண்டு போனார்.

ஆகவே என் பணிவான வேண்டுகோள்: இனி ஆள் சேர்க்கிற விஷயத்தில் எனக்கு யோசனை சொல்வதாயிருந்தால் தயவுசெய்து வாயில் பிரஷ் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள், சொல்லாமலே இருந்தால் இன்னும் உத்தமம். தங்கைக்கு என் ஆசி. உங்கள் உடம்பும் பல்லும் நன்றாயிருக்கட்டும். விடுப்பெல்லாம் தீராமல் சேரட்டும். சாப்பாட்டு மேஜையில் உங்கள் நாற்காலி அப்படியே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்.

என்றும் உங்கள் நலம் நாடும்
மச்சான்

பி.கு.: கடிதத்தை உறையில் போடும் முன் என் மனைவி ஏதோ படம் தேட என் போனை வாங்கினாள். போன வருஷம், மேஜையில் பேசிய மறுநாள் காலையில், நீங்கள் அனுப்பிய குரல் செய்தி ஒன்று கேட்கப்படாமலே கிடந்திருக்கிறது. ஏழு நிமிஷம் என்று போட்டிருந்ததால் ஆறப்போட்டிருக்கிறேன் போலிருக்கிறது. இப்போது இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்டோம். "மச்சான், நேத்து ஏதோ அவசரத்துல சொல்லிட்டேன். அங்க சட்டம் வேற. முதல்ல தெரிஞ்சவங்களை வச்சு முறைப்படி பதிவு பண்ணிக்குங்க. இல்ல, காண்டிராக்ட்தான்னா நேரமும் நீங்க சொல்லக் கூடாது, சாமானும் குடுக்கக் கூடாது, முக்கியமா கம்பெனிப் பேர் போட்டுச் சட்டை கிட்டை அனுப்பிடாதீங்க" என்று முழுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். இவ்வளவையும் மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. தயவுசெய்து மேலே 'நீங்கள்' என்று வருகிற இடமெல்லாம் 'நான்' என்று படித்துக்கொள்ளவும்.