போஸ்ட்மார்ட்டம் கை வைத்த கார்

போஸ்ட்மார்ட்டத்துக்கு இருந்ததைப் போன்ற துக்க முகம் புதுக்கோட்டையில் வேறு யாருக்கும் இருந்ததில்லை. அவர் இழவு வீட்டுக்குள் நுழைந்தால், அழுதுகொண்டிருப்பவர்கள் எழுந்து வந்து அவருக்கு ஆறுதல் சொல்வார்கள்.

அது ஊர் வைத்த பெயர்; பெற்றவர்கள் வைத்தது எனக்கே மறந்துவிட்டது. இத்தனைக்கும் கீழ ராஜ வீதியில் ஒரே அறையில் குடியிருந்தோம். நான் லாரி புக்கிங் ஆபீஸ் குமாஸ்தா. அவர் பழைய கார்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த பிறகு பெரிய வீட்டுக் கார்கள் ஒவ்வொன்றாக விலைக்கு வந்தன. மறு பெயிண்ட் படாமல், எதையும் மாற்றாமல், கம்பெனியிலிருந்து இறங்கிய கோலத்திலேயே இருக்கும் வண்டிக்காக உயிரை விடும் பணக்காரர்கள் திருச்சியில் சிலர் இருந்தார்கள். இவர் 'வண்டி வந்தபடியே இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் வாங்குவார்கள்.

லேசில் போடமாட்டார். சீட்டை மோந்து பார்ப்பார். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பெருமூச்சு விடுவார். குடுமியான்மலைப் பக்கம் ஒரு மிராசுதார், பளபளவென்று ஒரு காரை நிறுத்தி, "எப்புடி?" என்று மீசையைத் தடவினார்.

"மொகம் ஒண்ணோடது, ஒடம்பு இன்னொண்ணோடது. இடுப்புக்குக் கீழ லாரிங்க" என்றார் இவர்.

மிராசுதார் அன்று சாப்பிடவில்லை. எங்களுக்கும் போடவில்லை.

இப்படிப்பட்டவரைத்தான் திருக்கோகர்ணத்தில், இறந்துபோன ஒரு டாக்டரின் மனைவி கூப்பிட்டனுப்பினார். டாக்டரின் காரை வாங்கத் திருச்சி மில்காரர் ஒருவர் தயார். அது விற்றால்தான் மகளை டாக்டர் படிப்புக்கு அனுப்ப முடியும்.

நாங்கள் போனபோது கார் புதுப் பெண்ணாக நின்றது. அந்த அம்மாள் பெருமையோடு சொன்னார்: "அவுக வாசக் கேட்டுத் தூணுல ஒரசி ஒரசி ஒரே கீறலா வச்சிருந்தாக. வாங்க வர்றவுக மொகம் சுளிப்பாகளேன்னு போன வாரந்தான் ஆள் விட்டு பெயிண்ட் அடிச்சேண்ணே."

போஸ்ட்மார்ட்டம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "கொன்னுட்டியே தாயி!"

விஷயம் புரிந்ததும் அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பார்க்கச் சகிக்கவில்லை. இவர் எழுந்து பெயிண்டை நகத்தால் சுரண்டினார். "அடியில பழசு இருக்கு. எடுத்துரலாம்" என்றார்.

மறுநாளிலிருந்து பஞ்சும் மண்ணெண்ணெயுமாக உட்கார்ந்து தேய்த்தார். ஆடி போய் ஆவணி வந்தது. விரல் தோல் உரிந்து, சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டார். புதுப் பெயிண்ட் முழுக்கப் போய், டாக்டர் போட்ட கீறல்கள் ஒன்று விடாமல் வெளியே வந்தன.

மில்காரர் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "பிரமாதம்! எழுதிக் குடுங்க, இப்பவே ஓட்டிட்டுப் போறேன்."

போஸ்ட்மார்ட்டம் பேனாவைத் திறந்தார். காரைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"முடியாதுங்க."

"ஏன்யா?"

"இதுல கை பட்டிருக்கு."

"யாரு கை?"

"என் கை."

நான் அவர் காதில் கெஞ்சினேன், மிரட்டினேன், காலை மிதித்தேன். அசையவில்லை. மில்காரர் தன் வண்டியில் ஏறிப் போய்விட்டார். பிறகு அறந்தாங்கி டாக்சிக்காரர் ஒருவர் பாதி விலைக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனார். அந்தப் பெண் டாக்டராகவில்லை. டீச்சர் டிரெயினிங்கில் சேர்ந்தாள்.

கார் போன அன்று, அந்த அம்மாள் கேட்டருகே நின்று இவரிடம் சொன்னார்: "ஒங்க மேல வருத்தந்தாண்ணே. இல்லேங்க மாட்டேன். ஆனா அவுக கீறல் அம்புட்டையும் இன்னொரு வாட்டி தடவிப் பாத்துட்டேன்."

இவர் கும்பிட்டுவிட்டு நடந்தார். பஸ் ஸ்டாண்டு வந்ததும் கேட்டார்: "நான் பண்ணது தப்பாய்யா?"

"தப்புதான்" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார்.

இந்தப் பாவத்தோடு ஒரே கூரையின் கீழ் இருக்க முடியாது, வேறு அறை தேட வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். அவர் கண்ணை மூடும்வரை தேடவே இல்லை.