காலிபிளவர் பொங்கல்

பீடோங்

அன்பு மச்சான் புவனேசனுக்கு, மாமா முருகையா எழுதுவது. நீயும் தங்கச்சி ஷீலாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாரியம்மனைக் கேட்டுக்கொள்கிறேன். உன் அக்கா லோகேஸ்வரி சுகமா என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ அனுப்பும் வாட்ஸ்அப்பை நான் திறக்கக்கூடாது என்பது அவள் உத்தரவு. அதனால்தான் போன் இருந்தும் தபால்காரரைத் தொந்தரவு செய்கிறேன்.

நீ அனுப்பினாயே ஒரு வீடியோ, சோற்றையும் சீனியையும் நிறுத்தினால் கொழுப்பு கரைந்து உடம்பில் கீட்டோன் என்று ஒன்று உண்டாகும், புற்றுக்கட்டிக்கு அதைத் தின்னத் தெரியாது, பட்டினியில் செத்துவிடும் என்று கோட்டு போட்ட ஒருவர் பேசினாரே, அதைப் பார்த்த அன்றே அரிசி மூட்டையைத் தூக்கிப் பக்கத்து வீட்டுப் பிரேமாவதியிடம் கொடுத்துவிட்டேன். அக்காவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்ததிலிருந்து நான் என்ன செய்தேன் சொல்லு, கீமோவுக்கு அழைத்துப்போவேன், வெளியே உட்கார்ந்திருப்பேன். இது ஒன்றாவது என் கையில் இருக்கிறதே என்று கடலோரத்துத் தஞ்சோங் டாவாய் வரை மோட்டார் சைக்கிளில் போய் மீன் வாங்கினேன். முட்டை, தேங்காய்ப்பால், நெய் ஊற்றிய கோப்பி. சிறுநீரில் நனைத்துப் பார்க்கிற காகிதப் பட்டையும் ஃபார்மசியில் வாங்கினேன். அது ஊதாவாக மாறினால் கீட்டோன் வந்துவிட்டதாம். அவளுக்கு ஊதா வந்த அன்று கோயிலில் தேங்காய் உடைத்தேன். "பாத்ரூம் போனதுக்கெல்லாமா தேங்காய் உடைப்பாங்க?" என்று கேட்டாள்.

அப்புறம் பொங்கல் வந்தது. அரிசி கூடாது, வெல்லம் கூடாது. காலிபிளவரைத் துருவிப் பானையில் போட்டேன். பிரேமாவதி குடும்பமே சுற்றி நின்றது. பால் நல்லாத்தான் பொங்கிச்சு மச்சான், ஆனா அந்த வாடையில யாருக்கும் பொங்கலோ பொங்கல்னு சொல்ல வாய் வரலை. சின்னப் புள்ளைங்க மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடிருச்சு. உங்கக்கா சிரிச்சா பாரு, முடி கொட்டினதுக்கப்புறம் அவ அப்படிச் சிரிச்சு நான் பார்க்கலை. சிரிச்சு முடிச்சு, "எனக்குக் கொஞ்சம் சோறு குடுங்க"ன்னு கேட்டா. கேட்டு நீட்டின கையில வளையல் முழங்கை வரைக்கும் போய் வருது.

மறுநாள் ஊதாப் பட்டையோட, கீமோ போடுற டாக்டரம்மாகிட்ட ஓடினேன். "அங்கிள், சில கட்டிக்குக் கீட்டோன் பிடிக்காதுன்னு ஆராய்ச்சி இருக்கு. சில கட்டி அதையே தின்னு வளருதுன்னும் இருக்கு. இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாது. ஆனா ஆன்ட்டி இன்னும் எடை இறங்கினா அடுத்த கீமோ போட முடியாது, அது எனக்குத் தெரியும். சோறு குடுங்க லா" என்றார்.

அப்படியே பிரேமாவதி வீட்டுக்குப் போய் வெட்கத்தை விட்டு அரிசியைத் திருப்பிக் கேட்டேன். ரசஞ்சோறு குழைச்சுக் குடுத்தேன். ரெண்டு தட்டு சாப்பிட்டா, மச்சான். நான் அடுப்பைப் பார்த்துக்கிட்டு அழுதேன். நேற்று எடை ஏறியிருந்தது, கீமோ போட்டார்கள்.

ஆகவே இனி எனக்கு எந்த வீடியோவும் அனுப்பாதே. நான் தெளிந்துவிட்டேன். டாக்டரம்மா சொல்வதைத் தவிர எதையும் நம்பமாட்டேன். உன் வீட்டில் எல்லோரும் மூன்று வேளையும் சோறு தின்று நன்றாக இருக்க வேண்டும்.

உன் மாமா,
முருகையா

பி.கு.: அந்தக் கோட்டுக்காரர் இரண்டாம் பாகத்தில் மஞ்சளைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னாரே, அது வந்துவிட்டதா? வந்திருந்தால் பிரேமாவதி வீட்டுக்காரர் போனுக்கு அனுப்பு. அக்காவுக்குத் தெரிய வேண்டாம். சும்மா கேட்டு வைப்போமே.

தம்பி, அக்கா எழுதுறேன். தபால்தலை ஒட்டச் சொல்லி என்கிட்டயே குடுத்தாரு, படிச்சிட்டேன். நான் சோறு சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், பயப்படாதே. அந்த வீடியோவை அனுப்பி விடு. அவருக்கும் ஏதாவது மருந்து வேணும்ல.