கேபிளுக்கு ஒரு வாய்ப்பூட்டு

வீட்டில் தன்னை யாரோ உளவு பார்க்கிறார்கள் என்று நூலகர் முடிவுகட்டிவிட்டார். வீட்டில் இருப்பதோ இரண்டே பேர்.

பால்கனிக் கதவுக்குப் பெயின்ட் அடித்து முடிக்கும்வரை லேப்டாப்பில் சதுரங்கம் கூடாது என்பது மனைவியின் உத்தரவு. ஆனால் பேட்டரி செத்த அந்த லேப்டாப்பை உயிர்ப்பிக்க, உள்ளறையில் அவர் சார்ஜரைச் செருகியதும் கூடத்தில் தையல் மெஷின் நின்றுவிடும். அடுத்த நொடி அவள் அறை வாசலில்.

"என்னங்க, கதவு கம்ப்யூட்டருக்குள்ளயா இருக்கு?"

நேற்றோடு அவள் பொறுமை தீர்ந்தது. இன்னொரு தடவை பிடிபட்டால் லேப்டாப் பீரோவுக்குள். இன்று மாலையோ ஆன்லைன் போட்டியின் இறுதி ஆட்டம்!

பழக்கமான ரேடியோ கடைக்காரரிடம் போய்ப் புலம்பினார்.

"சார், அவங்க தைக்கிறப்போ ரேடியோ பாடுமா?"

"பாடும். கொஞ்ச நாளா கொர்ர்ருனு இழுக்குது. பழசு, தூக்கிப் போடுன்னுட்டேன்."

"ரேடியோ மேல தப்பில்ல. உங்க சார்ஜர்தான் இரைச்சலைக் கிளப்புது. அந்த ஒயரே ஏரியல் மாதிரி அதை வீடு முழுக்கப் பரப்புது. ரேடியோ உறுமினா நீங்க ஆட உக்காந்தாச்சுன்னு அர்த்தம்."

நூலகர் தலையில் அடித்துக்கொண்டார். தன் சார்ஜரே தனக்கு எட்டப்பனா!

"நல்ல சார்ஜர் ஒயர்ல, எலியை முழுங்கின பாம்பு மாதிரி ஒரு உருளை இருக்கும். உள்ளே ஃபெரைட்னு ஒரு காந்தப் பொருள். இரைச்சலை அங்கேயே தின்னுடும். உங்களுது மட்டச் சரக்கு. இந்தாங்க, தனி உருளை. ஒயர்ல மாட்டி அழுத்துங்க."

மாலையில் உருளை 'டக்'கென்று பூட்டிக்கொண்டது. சார்ஜரைச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கூடத்தில் பாட்டு தேனாக ஒழுகியது. மெஷின் தடதடத்தது. யாரும் வரவில்லை.

நூலகர் யானையைப் பலிகொடுத்தார். குதிரையைத் தாவவிட்டார். எதிராளியின் ராஜாவை மூலையில் மடக்கினார். நாளெல்லாம் நூலகத்தில் "உஷ், உஷ்" என்று ஊரையே அடக்கிய வாய், நாற்காலி மேல் ஏறி நின்று அலறியது: "செக்மேட்!"

மெஷின் நின்றது.

பிரஷ்ஷோடு வந்து நின்றாள் மனைவி. "பாட்டு எவ்வளவு தெளிவா கேக்குது பாத்தீங்களா? கடைக்காரர் எனக்குப் போன வாரமே வழி சொல்லிட்டார். நான் சொன்னா நீங்க எங்க செய்யப்போறீங்க? அதான், உறுமினப்பல்லாம் வந்து நின்னேன். நீங்களே ஓடிப்போய் வாங்கிட்டு வந்துட்டீங்க."

நூலகர் நாற்காலியிலிருந்து இறங்கினார். லேப்டாப் பீரோவுக்குள் ஏறியது. பிரஷ் அவர் கைக்கு வந்தது.

"அந்த உருளை," என்றாள் பீரோவைப் பூட்டிக்கொண்டே, "உங்க கழுத்து அளவுல கிடைக்குமான்னு கேட்டிருக்கக் கூடாதா?"