ஆற்றங்கரையில் பல் டாக்டர்

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் தங்கை நலம். மிகவும் நலம். அதுதான் விஷயம்.

எங்கள் நடைக்குழுவை ஆரம்பித்தவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். வழி சொல்வதும் முன்னால் போவதும் நான்தான். இந்தக் குளிர்காலத்தில் ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர் வந்து சேர்ந்தார். மனைவி இல்லாதவர், பல் மொத்தமும் உள்ளவர். ஞாயிறு மத்தியானம் ஊருக்கு வெளியே ஆற்றங்கரையோரம் நடந்தோம். பனி விலகாத வெயில், வழியெல்லாம் சேறு. அந்த மனிதர் பறக்கிற ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்கிறார், உங்கள் தங்கை ஒவ்வொன்றுக்கும் “அப்படியா டாக்டர்?” என்கிறாள். முப்பது வருஷமாக நான் எது சொன்னாலும் அவள் சொன்ன பதில் “தெரியும்” என்பது மட்டும்தான். எனக்கு வயிறு எரிந்தது. ஆற்று வளைவில் வெள்ளையாக ஏதோ நின்றது. “அதோ கொக்கு, அசையாம நிக்குது பாருங்க” என்று நானே எல்லோரையும் நிறுத்தி, கிட்டே போய்க் காட்டுகிறேன் என்று இறங்கினேன். அது புதரில் மாட்டிய பிளாஸ்டிக் பை. அதைப் பார்த்து முடிப்பதற்குள் முழங்கால் வரை சேற்றில் நின்றேன்.

டாக்டர் ஓடி வந்து என் அக்குளில் கை கொடுத்து, “பயப்படாதீங்க, வலிக்காது, ஒரே இழுப்புதான்” என்றார். நான் வந்துவிட்டேன், இடது கால் ஷூ வரவில்லை. “வேர் உள்ளேயே நின்னுடுச்சு” என்றார் அவர். குழுவே சிரித்தது, உங்கள் தங்கை கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு டாக்டர் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி என் காலில் மாட்டிவிட்டார். அப்போது அவள் கேட்டாள்: “டாக்டர், உங்க தலைக்குக் குளிராதா?” என் காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தலையில் போடுவதைக் காலில் போட்டுக்கொண்டு, அவர்கள் இருவருக்கும் பின்னால் நொண்டிக்கொண்டே வந்தேன்.

எனவே, அண்ணன் என்ற முறையில் நீங்கள் கண்டிப்பாக எழுதி, அவளை அந்தக் குழுவிலிருந்து விலகச் சொல்ல வேண்டும். நான் எழுதச் சொன்னதாக எழுத வேண்டாம்.

பெரியவர்களுக்கு என் வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும், தும்மலோடு.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்

பி.கு.: டாக்டர் இப்போதுதான் என் ஜலதோஷத்தை விசாரிக்க வந்துவிட்டுப் போனார். நல்ல மனுஷர், நானே தப்பாக நினைத்துவிட்டேன். “கூட்டமா போனா பேச்சுச் சத்தத்துல பறவையெல்லாம் ஓடிப்போயிடுது. நாம ரெண்டு பேர் மட்டும் தனியா போவோமே” என்றார். நாளை மத்தியானம் கிளம்புகிறோம். இதைக் கேட்டதிலிருந்து உங்கள் தங்கை கதவைச் சாத்திக்கொண்டு உங்களுக்கு ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறாள். பாவம், பொறாமை. நாலு நல்ல வார்த்தை சொல்லி எழுதுங்கள்.